கசிவைக் கண்ட நேரம் 7:25

காலை 7:25-க்கு ஒரு டெக்னீஷியன் தன் கைபேசியில் எடுத்த புகைப்படம் என் வாழ்க்கையில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளை விழுங்கிவிட்டது. படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. காய்ந்த புல், நடுவே கறுத்துப்போன ஈரத் தரை, ஓரத்தில் ஒரு சிறு ஓடை, அதன்மேல் வானவில் நிறத்தில் மினுங்கும் படலம். அந்தப் படம் என் கைக்கு வந்தபோது மணி 7:40. அதற்குப் பிறகு மூன்றரை மணி நேரம் அந்த எண்ணெய்க் கசிவை அரசுக்குச் சொல்லாமல் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்காகப் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் எண்ணெய்க் குழாய் நிறுவனங்களில் வேலைக்குச் சேரும் தமிழ்ப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் தலையிலாவது, "விதிமுறை விஷயங்களையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கசிவை அறிவிக்கும் பொறுப்பு கூடுதல் வேலையாக வந்து விழும். எனக்கு அப்படித்தான் விழுந்தது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நான் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரன். இயந்திரவியல் படித்தவன். ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா நகரில் குடியிருக்கிறேன். கச்சா எண்ணெய் விலைச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் குஷிங் என்ற சிற்றூர் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். அந்தப் பக்கமெல்லாம் தரைக்கு மேலே கோதுமை வயலும் மாடுகளும், தரைக்குக் கீழே குழாய்களும்தான். நான் வேலை பார்த்தது அறுபது பேர் கொண்ட சிறு நிறுவனம். 8 அங்குலக் குழாய் ஒன்று, 110 மைல் நீளம், மாநில எல்லையைத் தாண்டி கேன்சஸுக்குள் போகிறது. எல்லையைத் தாண்டுவதால் அதை மேற்பார்ப்பது மத்திய அரசு. போக்குவரத்துத் துறையின் கீழ் இயங்கும் குழாய்ப் பாதை மற்றும் அபாயப் பொருள் பாதுகாப்பு நிர்வாகம் என்று நீளமான பெயர். தொழிலில் எல்லோரும் 'ஃபிம்சா' என்றுதான் சொல்வோம்.

2021 அக்டோபர் 8, வெள்ளிக்கிழமை இரவு. எட்டே முக்கால் மணிவாக்கில் எண்ணெயை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்றும்போது குழாயில் அழுத்தம் ஒருமுறை துள்ளி அடங்கியிருக்கிறது. ஓடையோரம் இருந்த வால்வின் இணைப்பு விளிம்பில் கசிவைத் தடுக்கும் வளையம் (கேஸ்கட்) அப்போது விட்டுப்போனது. இது பின்னால் தெரிந்த கதை. மணிக்கு 800 பீப்பாய் ஓடும் குழாயில் மணிக்கு ஆறு பீப்பாய் வெளியே போனால் கட்டுப்பாட்டு அறையின் கணினி அதை அளவுக் கருவிகளின் வழக்கமான பிசகாகவே எடுத்துக்கொள்ளும். அலாரம் எதுவும் அடிக்கவில்லை. மறுநாள் காலை 6:40-க்கு நிலச் சொந்தக்காரர்தான் குழாய் அடையாளக் கம்பத்தில் இருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார். டெக்னீஷியன் போய்ப் படம் எடுத்தது 7:25. 7:31-க்குப் பம்பை நிறுத்தினார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கசிந்ததற்காக எங்களுக்கு அபராதம் விழவில்லை. அதற்குப் பின் நடந்தவற்றுக்கே விழுந்தது.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உயிரிழப்பு, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய காயம், தீ அல்லது வெடிப்பு, 50,000 டாலருக்கு (அப்போதைய வரம்பு) மேல் சேதம், ஆறு ஓடை ஏரி எதிலாவது எண்ணெய் கலந்து நீரின் நிறம் மாறுவது, இவற்றில் ஒன்று நடந்தாலும் வாஷிங்டனில் உள்ள தேசிய அவசர அறிவிப்பு மையத்துக்குத் தகவல் போக வேண்டும். கடலோரக் காவல் படையினர் இரவு பகலாக அங்கே தொலைபேசி எடுக்கிறார்கள். எண் 800-424-8802. கெடு, கசிவு 'உறுதியாகத் தெரிந்த' நேரத்திலிருந்து ஒரு மணி நேரம். அந்த 'உறுதியாக' என்ற சொல்லில்தான் நாங்கள் வழுக்கி விழுந்தோம். அளந்து, கணக்குப் போட்டு, சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்வது என்று சாதாரணமாக யாருக்கும் தோன்றும். விதியில் உள்ள வரையறை வேறு. அந்த நேரத்தில் கையில் உள்ள தகவலை வைத்து, முதற்கட்டப் பார்வையில் மட்டுமே என்றாலும், அறிவிக்க வேண்டிய சம்பவம் நடந்திருக்கிறது என்று நியாயமாக முடிவுக்கு வர முடிந்தால் போதும், அதுவே உறுதியாகத் தெரிந்த நேரம். ஓடையில் படலத்தைப் பார்த்த கண்ணுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? எங்கள் ஒரு மணி நேரம் 8:25-க்கு முடிந்துபோனது.

7:45-க்கு நான் மேலாளரைக் கூப்பிட்டேன். மையத்துக்குச் சொல்ல வேண்டும் என்றேன். "எவ்வளவு கொட்டியிருக்கிறது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "தெரியாமல் கூப்பிட்டு என்ன சொல்வீர்கள்? போய்ப் பாருங்கள், அளந்துவிட்டுச் சொல்லலாம்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், பழைய காலத்துப் பழக்கம் அவருக்கு. எனக்கு விதி தெரியும். வரையறையை இரண்டு முறை படித்திருக்கிறேன். இருந்தும் சரி என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். ஏன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். எச்-1பி விசாவில் இருப்பவனுக்கு மேலாளரின் முகம் கறுப்பது வெறும் முகக் கறுப்பாகத் தெரியாது. வேலை போனால் அறுபது நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள், கிரீன் கார்டு வரிசையில் பத்து ஆண்டாகக் காத்திருக்கிறோம். இதெல்லாம் அந்த ஒரு நொடியில் நெஞ்சில் வந்து உட்காரும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. இந்த இடத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

9:50-க்கு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எண்ணெய் வாடை கார்க் கதவைத் திறக்கும் முன்பே தெரிந்தது. ஓடையில் எண்ணெயைத் தடுக்கும் மிதவைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் டேப்பைப் பிடித்துக் கறுத்த மண்ணின் நீள அகலத்தை அளந்துகொண்டிருந்தபோது நிலச் சொந்தக்காரர் அருகே வந்தார். எழுபது வயதிருக்கும். "நீங்கள் வந்தவர்கள் எல்லோரும் அளந்துகொண்டே இருக்கிறீர்கள். என் மாடுகள் ஒரு மைல் கீழே இதே தண்ணீரைத்தான் குடிக்கின்றன. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாராவது சொன்னீர்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த அறிவிப்பு மையத்துக்குப் போகும் ஓர் அழைப்பு சில நிமிடங்களில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்புக்கும் மாநில அதிகாரிகளுக்கும் போய்விடும். அந்த அழைப்பு இல்லாததால் கீழ்நிலத்துக்காரர்களுக்குச் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. அறிவிப்பு என்பது காகித வேலை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது யாருடைய மாட்டுக்காக என்று அன்றுதான் உறைத்தது.

10:20-க்கு 9 பீப்பாய் என்று ஒரு கணக்கு வந்தது. மேலாளர் அதை இரண்டு பேரிடம் சரிபார்த்தார். மையத்துக்கு நான் தொலைபேசி செய்தது 11:05. ஒன்பதே நிமிடத்தில் அழைப்பு முடிந்தது. ஒரு பதிவு எண் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை நேரம் தயங்கினோம் என்று காருக்குள் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை இன்னொன்றும் கைநழுவியது. விபத்தில் தன் செயல் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கத்தக்க ஊழியருக்கு மதுப் பரிசோதனையும் போதைப்பொருள் பரிசோதனையும் செய்ய வேண்டும். மதுப் பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம். அதற்குள் முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று எழுதி வைக்க வேண்டும். எட்டு மணி நேரம் தாண்டிவிட்டால் முயற்சியை விட்டுவிட வேண்டும். போதைப்பொருள் பரிசோதனைக்கு 32 மணி நேரம். இரவுப் பணியில் இருந்த ஆபரேட்டர் காலை ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார். அவர் மேல் தவறில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அப்படி முடிவெடுப்பதில் குற்றமில்லை, ஆனால் பரிசோதனை தேவையில்லை என்று ஏன் முடிவெடுத்தோம் என்பதை எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதவில்லை. வாயால் பேசிய முடிவு எதுவும் ஆய்வாளரின் மேசைக்கு வந்து சேராது.

48 மணி நேரத்துக்குள் மையத்துக்கு மறுபடியும் பேசி, முதலில் சொன்ன அளவை உறுதிசெய்யவோ திருத்தவோ வேண்டும். அதை மட்டும் திங்கட்கிழமை அதிகாலையில் சரியாகச் செய்தேன். 9 பீப்பாய்தான் என்று உறுதிசெய்தேன். பிற்பாடு அந்த உறுதியே என் கழுத்தைப் பிடித்தது.

எழுத்து மூலமான விபத்து அறிக்கைக்கு 30 நாள் கெடு. 7000-1 என்ற எண்ணுள்ள படிவம், இணையத்தில் நிரப்ப வேண்டும். இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்துகிறேன். தொலைபேசி அறிவிப்புக்கான வரம்பும் எழுத்து அறிக்கைக்கான வரம்பும் வேறு வேறு. 5 காலன், அதாவது 19 லிட்டர் கசிந்தாலே எழுத்து அறிக்கை வேண்டும். 2002-க்கு முன் அந்த வரம்பு 50 பீப்பாயாக இருந்தது. பராமரிப்பு வேலையின்போது சிந்தி, நிறுவனத்தின் இடத்துக்குள்ளேயே அடங்கி, உடனே சுத்தம் செய்யப்பட்டு, நீரில் கலக்காமல் இருந்தால் மட்டும் 5 பீப்பாய்க்குக் குறைவானதற்கு விலக்கு உண்டு. தொலைபேசி செய்யத் தேவையில்லாத கசிவுக்கு அறிக்கையும் தேவையில்லை என்று நினைத்து மாட்டிக்கொண்ட ஒரு நண்பரை எனக்குத் தெரியும். அதேபோல 50,000 டாலர் என்பது பெரிய தொகை என்று எண்ண வேண்டாம். கொட்டிய எண்ணெயின் விலை மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. சுத்தம் செய்யும் செலவும் சேரும். எங்களுக்கு மண்ணை வெட்டி எடுத்து மாற்றவும் ஓடையைக் கழுவவும் ஆன செலவு கடைசியில் 3,40,000 டாலர்.

நான் படிவத்தை நிரப்பியது நவம்பர் 4, தீபாவளி இரவு. பிள்ளைகள் கீழே மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்தார்கள். படிவத்தில் எது எப்போது தெரிந்தது என்று கேட்கும் கட்டம் வந்தது. 7:25 என்று போட்டு மேலாளருக்கு அனுப்பினேன். அவர் தொலைபேசியில் வந்தார். "ஏழரை மணிக்கு நமக்கு என்ன தெரியும்? ஏதோ ஈரம் என்று தெரியும். அளவு தெரிந்தது 10:20-க்கு. உறுதியாகத் தெரிந்த நேரம் 10:20. 11:05-க்குச் சொல்லிவிட்டோம். கெடுவுக்குள்தான் இருக்கிறோம்" என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. நான் 10:20 என்று மாற்றினேன். மறுநாள் காலை என் பெயரில் படிவம் போய்ச் சேர்ந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் நடுவில் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தார். அக்டோபர் மாதக் கணக்கில் குழாய்க்குள் ஏற்றியதற்கும் மறுமுனையில் இறக்கியதற்கும் 64 பீப்பாய் இடிக்கிறது என்றார். 9 இல்லை, 64. ஒரு பீப்பாய் 159 லிட்டர், அப்படியென்றால் 10,000 லிட்டருக்கு மேல். தரைக்கு மேலே தெரிந்த கறையை நான் டேப் வைத்து அளந்தேன். மண்ணுக்குள் இறங்கியதை யார் அளந்தது? புதிய தகவல் வந்தால் 30 நாளுக்குள் திருத்த அறிக்கை அனுப்ப வேண்டும். "ஆண்டு முடிவு வேலைகள் முடியட்டும்" என்றார் மேலாளர். ஜனவரி போனது, பிப்ரவரி போனது. மார்ச் மாதம் அவர் ஓய்வு பெற்றார். நான் திருத்த அறிக்கையை அனுப்பியது 2022 மே மாதம். அளவை மட்டும் திருத்தினேன். நேரத்தைத் தொடவில்லை.

இதே தொழிலில் எவ்வளவு பெரிய பாடங்கள் கண்ணெதிரே கிடந்தன என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. இந்த ஒரு மணி நேர விதி சும்மா வந்ததில்லை. 2010 ஜூலை 25 அன்று மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் ஊருக்கருகே என்பிரிட்ஜ் நிறுவனத்தின் 30 அங்குலக் குழாய் பிளந்தது. கட்டுப்பாட்டு அறையில் அலாரங்கள் அடித்தன. குழாய்க்குள் எண்ணெய் ஓட்டம் இடைவெளி விட்டிருக்கிறது என்று நினைத்து, இரண்டு முறை மறுபடியும் பம்பை ஓடவிட்டார்கள். 17 மணி நேரம் கழித்து வெளியார் ஒருவர் தொலைபேசியில் சொல்லித்தான் கசிவு என்றே தெரிந்தது. 8,43,000 காலனுக்கு மேல், அதாவது சுமார் 32 லட்சம் லிட்டர், வெளியேறி கலமசூ ஆறு வரை போனது. அதில் ஐந்தில் நான்கு பங்கு அந்த மறு ஓட்டங்களில் வெளியே போனது. ஃபிம்சா போட்ட அபராதம் 37 லட்சம் டாலர். விபத்துக்கு மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் அறிவிக்க விதி செய்ய வேண்டும் என்றது. 2017-இல் அது நடைமுறைக்கு வந்தது. கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா கடற்கரையோரம் 2015 மே மாதம் குழாய் உடைந்த வழக்கில், 2018-இல் நடுவர் குழு அந்த நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. உரிய நேரத்தில் தகவல் சொல்லாததும் அந்தக் குற்றப் பட்டியலில் இருந்தது. வட டகோட்டாவில் எண்ணெய்க் கிணற்றின் உப்பு நீரைக் கொண்டுபோகும் குழாய் ஒன்று 2014 ஆகஸ்டிலிருந்து 143 நாள் ஒழுகியது. 2.9 கோடி காலன். அந்த நிறுவனம் உடனடியாகச் சொல்லவில்லை என்பதும் குற்ற வழக்கானது. சிவில், கிரிமினல் எல்லாம் சேர்த்து 3.5 கோடி டாலருக்கு 2021 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தியை நான் ஆகஸ்டில் படித்தவன். அக்டோபரில் டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கப் போனேன்.

நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது முதலில் வந்த அறிவிப்பு சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றது. பிறகு மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாகக் கசடை அள்ளினார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்து ஆத்திரப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

2023 ஜனவரியில் ஃபிம்சாவின் ஆய்வாளர்கள் இருவர் வந்தார்கள். விபத்து நடந்து பதினைந்து மாதம் ஆகியிருந்தது; எல்லாம் மறந்துபோயிருக்கும் என்று நாங்கள் நினைத்த நேரம். ஐந்து நாள் உட்கார்ந்தார்கள். மிக மரியாதையாகப் பேசினார்கள். கட்டுப்பாட்டு அறையின் பணிக் குறிப்பேடு, பம்பை நிறுத்திய கணினிப் பதிவு, தொலைபேசிப் பதிவு எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார்கள். மூன்றாம் நாள் அந்த டெக்னீஷியனின் வேலைச் சீட்டில் இணைத்திருந்த புகைப்படத்தைத் திறந்தார்கள். படத்துக்குக் கீழே 7:25. ஆய்வாளர் என் பக்கம் திரும்பி, "10:20-க்கு உங்களுக்குத் தெரிந்தவற்றில் 7:25-க்குத் தெரியாதது எது?" என்று கேட்டார். அளவு என்றேன். "விதி அளவைக் கேட்கிறதா?" என்றார். இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். உடம்பு முழுவதும் வியர்த்துவிட்டது. அன்று மாலையே நேரத்தையும் திருத்தி, ஏன் தவறு நேர்ந்தது என்று விளக்கம் எழுதி இன்னொரு திருத்த அறிக்கை அனுப்பினேன். நான் எடுத்த முடிவுகளில் எனக்கு நிம்மதி தந்தது அது ஒன்றுதான், அதுவும் பிடிபட்ட பிறகு.

ஆகஸ்ட் மாதம் நோட்டீஸ் வந்தது. 'விதிமீறல் நடந்திருக்கக்கூடும்' என்ற தலைப்பில் நான்கு இனங்கள். தாமதமான தொலைபேசி அறிவிப்பு, தாமதமான திருத்த அறிக்கை இரண்டுக்கும் சேர்த்து 86,000 டாலருக்குச் சற்று மேல் அபராதம் உத்தேசம். பரிசோதனை முடிவை எழுதி வைக்காததற்கு எச்சரிக்கை. நடைமுறைக் கையேட்டைத் திருத்தச் சொல்லி ஓர் இனம். சட்டத்தில் உச்ச வரம்பு இதைவிட மிகப் பெரியது. 2011 சட்டப்படி ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 2 லட்சம் டாலர், தொடர் மீறலுக்கு மொத்தம் 20 லட்சம், அதுவும் விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் ஏறிக்கொண்டு வருகிறது. நோட்டீஸ் கையில் வந்த நாளிலிருந்து பதில் சொல்ல 30 நாள். பணம் கட்டலாம், எழுத்தில் மறுக்கலாம், குறைக்கச் சொல்லிக் காரணம் காட்டலாம், நேரடி விசாரணை கேட்கலாம். எதுவும் செய்யாமல் 30 நாள் போனால் மறுக்கும் உரிமையே போய்விடும். முதல் நாளே செய்ய வேண்டியது, வழக்குக் கோப்பையும் அபராதத்தைக் கணக்கிட்ட தாளையும் எழுதிக் கேட்பது. கேட்டால் தருகிறார்கள். எந்தத் தவறுக்கு எவ்வளவு, பழைய மீறல்கள் உண்டா, நல்ல எண்ணத்துடன் முயன்றார்களா என்றெல்லாம் எப்படி எடைபோட்டார்கள் என்பது அதில் இருக்கும். எங்கள் பதிலை அதைப் பார்த்துத்தான் எழுதினோம்.

அந்த 30 நாளுக்குள்தான் அப்பாவின் சதாபிஷேகம். திருக்கடையூரில் மண்டபம், சமையல்காரர் எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. நான்கு டிக்கெட்டையும் ரத்து செய்தேன். அதில் போனது 2,900 டாலர். அப்பா தொலைபேசியில், "நீ அங்கே இருக்கிற வேலையைப் பார்டா, இங்கே அம்பாள் பார்த்துக்கொள்வாள்" என்றார். என்ன வேலை என்று நான் சொல்லவில்லை. காணொலியில் கலச நீர் ஊற்றுவதைப் பார்த்தேன், அப்போது ஓக்லஹோமாவில் நள்ளிரவு, மேசையில் நோட்டீஸின் பதில் பாதி எழுதியபடி கிடந்தது. எண்பது வயது ஒருமுறைதான் வரும். இழந்ததில் இதை மட்டும் டாலரில் சொல்ல முடியாது.

நிறுவனத்தின் வக்கீல் என்னிடம் இரண்டு மணி நேரம் பேசினார். பேச்சின் தொடக்கத்திலேயே, தான் நிறுவனத்துக்கு மட்டுமே வக்கீல், எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த வாக்கியம் முதலில் வெறும் சம்பிரதாயம் போலத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. படிவத்தில் இருப்பது என் பெயர். அரசுக்குத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. நீரில் எண்ணெய் கலந்ததைத் தெரிந்தும் உடனே சொல்லாமல் விடும் பொறுப்பாளருக்கும் தூய நீர்ச் சட்டத்தில் அதே ஐந்து ஆண்டு உண்டு. குடியுரிமை இல்லாதவனுக்கு அந்த வழக்கு வந்தால் என்ன ஆகும்? நானே தனியாக ஒரு வக்கீலை வைத்துக்கொண்டேன். அவருக்குக் கொடுத்தது 7,200 டாலர், அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 6 லட்சம் ரூபாய். என்மேல் தனிப்பட்ட வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் வராது என்று தெரியாத அந்த ஒன்பது மாதம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மனைவி கேட்டால் எரிந்து விழுந்தேன். பெரியவள் ஒருநாள், "அப்பா, உங்களைப் போலீஸ் பிடிக்குமா?" என்று கேட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

அந்த வக்கீல் முதல் சந்திப்பில் கேட்ட கேள்வி, "மேலாளர் காத்திருக்கச் சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" இல்லை. எல்லாம் தொலைபேசிப் பேச்சு. அவர் ஓய்வு பெற்று வேறு மாநிலம் போய்விட்டார். அவரோடு அந்தப் பேச்சும் போய்விட்டது. ஆகவே தம்பிகளே, தங்கைகளே, ஒருவர் உங்களிடம் பொறுங்கள் என்று வாயால் சொன்னால், "7:45 மணிக்குப் பேசியபடி நீங்கள் காத்திருக்கச் சொன்னீர்கள், விதிப்படி 8:25-க்குள் அறிவிக்க வேண்டும் என்று நான் சொன்னேன்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பெரும்பாலும் அந்த மின்னஞ்சலைப் பார்த்த உடனே, சரி கூப்பிடுங்கள் என்று பதில் வந்துவிடும். இன்னொன்று, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை: குழாய்ப் பாதைப் பாதுகாப்பு பற்றிப் பேசியதற்காக ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்று தனிச் சட்டப் பிரிவே இருக்கிறது. அப்படி நடந்தால் 180 நாளுக்குள் தொழிலாளர் துறையின் ஓஷா அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். விசாவில் இருப்பவர்களுக்கும் அது பொருந்தும் என்று என் வக்கீல் சொன்னார். அந்தச் சனிக்கிழமை காலை இது எனக்குத் தெரிந்திருந்தால் துணிந்திருப்பேனா? தெரியாது. குறைந்தது, பயத்துக்கு எதிரே வைக்க ஒன்று இருந்திருக்கும்.

இறுதி ஆணை 2024 ஜூலையில் வந்தது. நோட்டீஸ் வரும் முன்பே நேரத்தைத் திருத்தியதையும் கையேட்டை மாற்றியதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு 71,000 டாலர் அளவுக்குக் குறைத்திருந்தார்கள். 10,000 டாலருக்கு மேல் என்பதால் காசோலை செல்லாது, வங்கி வழியாக நேரடியாக அனுப்ப வேண்டும். நோட்டீஸும் எங்கள் பதிலும் இறுதி ஆணையும் ஃபிம்சாவின் தளத்தில் யாரும் படிக்கும்படி இருக்கின்றன. நிலச் சொந்தக்காரர் படித்திருக்கிறார். வேலியைச் சரிசெய்யப் போனபோது, "64 பீப்பாய் என்று பிறகாவது எழுதினீர்களே" என்றார். அது பாராட்டா குத்தலா என்று எனக்கு விளங்கவில்லை. அவர் காபி ஊற்றிக் கொடுத்தார், குடித்தேன்.

புதுக் கையேட்டில் நான் செய்த மாற்றங்கள் எளியவை. அறிவிப்பு மையத்தின் எண்ணை அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு வண்டியிலும் ஒட்டினோம். யாரிடமும் அனுமதி கேட்காமல் கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டரே கூப்பிடலாம் என்று எழுதினோம். வெளியார் சொன்ன தகவலைப் போய்ப் பார்த்த ஆள் கண்ணால் எண்ணெயைக் கண்ட நொடியைக் கடிகாரம் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஆபரேட்டர் அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கறையின் நீள அகலத்தை வைத்து அளவிடும் முறையைத் தூக்கிவிட்டு, துளையின் அளவு, அழுத்தம், நேரம் மூன்றையும் வைத்து ஐந்து நிமிடத்தில் உத்தேசக் கணக்கு போடும் ஒரு தாள் தயார் செய்தோம். நியாயமான முதல் உத்தேசத்துக்கு எழுதப்பட்ட வழிமுறை இருக்க வேண்டும் என்பது விதியிலேயே உள்ளது; எங்களிடம் அது இல்லாமல் இருந்ததும் நோட்டீஸில் வந்தது. பரிசோதனை வேண்டாம் என்று முடிவெடுத்தால் காரணம் எழுத ஒரு பக்கப் படிவமும் வைத்தோம்.

சென்ற ஆண்டு டிசம்பரில் இரவு 2:10-க்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டார்கள். பம்ப் நிலையத்தில் சீல் விட்டு எண்ணெய் வடிகாலுக்குள் போயிருக்கிறது, வடிகால் ஓடைக்குப் போகிறது, டெக்னீஷியன் 2:04-க்குக் கண்ணால் பார்த்துவிட்டார். பனி கொட்டிக்கொண்டிருந்தது, நான் படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்து மையத்தின் எண்ணை அழுத்தினேன். மறுமுனையில் ஓர் இளம் குரல். இடம் கேட்டார், பொருள் கேட்டார். பிறகு, எவ்வளவு கொட்டியது என்று கேட்டார். "இன்னும் அளக்கவில்லை. இப்போதைக்கு ஒரு பீப்பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், மாறினால் 48 மணி நேரத்துக்குள் சொல்கிறேன்" என்றேன். விசைப்பலகைச் சத்தம் இரண்டு நொடி கேட்டது. "சரி, குறித்துக்கொண்டேன். அங்கே காற்று எந்தத் திசையில் வீசுகிறது?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.